தாவீதின் கோரைப்பல்

நேசபாய்க்குச் சிறு வயதில் நாய் என்றால் பயம். திருவட்டாற்றில் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு நாய் கடித்த தழும்பு கடைசி வரை அவள் முழங்காலுக்குக் கீழே இருந்தது. அப்படிப்பட்டவள் தன் முப்பத்தெட்டாவது வயதில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பதினோரு நாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள்.

வேறு வழி இருக்கவில்லை. குலசேகரத்துக்கு வடக்கே, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருந்த ரப்பர் எஸ்டேட்டில் அவள் கணவன் ஜான்ரோஸ் பால் வெட்டிக்கொண்டிருந்தான். 1947 ஆடிக்காற்றில் மரக்கிளை முறிந்து விழுந்து அவன் செத்துப்போனான். எஸ்டேட் கூலிகளுக்கான லயத்து வீட்டில் தொடர்ந்து இருக்க வேண்டுமென்றால் வீட்டில் ஒரு ஆளாவது எஸ்டேட்டில் வேலை செய்ய வேண்டும். ஒரே மகள் குளோரியைப் புனலூரில் கட்டிக்கொடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மகள் தன்னோடு வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டாள். ஜான்ரோஸை அடக்கம் செய்த மண்ணை விட்டுப் போக நேசபாய்க்கு மனம் வரவில்லை. அப்போது எஸ்டேட்டில் காலியாக இருந்தது நாய்க்கூட்டு வேலை மட்டும்தான்.

துரையின் பெயர் டாசன். பேச்சிப்பாறை அணைக்கரையில் தாரா என்னும் காட்டு வாத்தும் புறாவும் சுடுவது அவருக்குப் பிடித்த காரியம். அதற்காகவே தொங்குகாது வேட்டை நாய்களை வளர்த்தார். சுட்டு விழுந்த பறவையைத் தண்ணீரில் நீந்திப் போய் எடுத்து வர வேண்டும். ஆனால் பல் பதியக்கூடாது. பறவையின் தோலில் ஒரு கீறல் இருந்தாலும் அந்த நாயை அடுத்த முறை துரை கூட்டிப்போக மாட்டார். நாயிடம் முதலில் பார்க்க வேண்டியது வாயைத்தான் என்பார்.

நேசபாய் வேலையைப் பழகிக்கொண்டாள். எலும்பு போட்டுச் சோறு வடிப்பது, காது மடலைத் தூக்கி உண்ணி எடுப்பது, மழைக்காலத்தில் கால்விரல் இடுக்கைத் துடைத்து வேப்பெண்ணெய் போடுவது என்று காலை ஆறு மணி முதல் சாயங்காலம் வரை வேலை இருந்தது. பயம் எந்த நாளில் போயிற்று என்று அவளுக்கே தெரியாது.

1951 மார்கழியில், கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, கூட்டில் ஒரு பெண்நாய் எட்டுக் குட்டிகள் போட்டது. எட்டாவது வந்தது கைக்குள் அடங்கிவிடும் அளவு. மற்றவை முட்டித் தள்ள, அதற்கு முலை கிடைக்கவில்லை. நேசபாய் துணித்திரியை ஆட்டுப்பாலில் நனைத்து அதன் வாயில் வைத்தாள். வேதாகமத்தில் ராஜாவான, ஈசாயின் எட்டாவது மகன் நினைவில் அதற்குத் தாவீது என்று பெயரிட்டாள்.

எஸ்டேட் சபையின் உபதேசியாருக்கு இந்தச் செய்தி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாசலில் நிறுத்திக் கேட்டார்.

"நாயிக்கு வைக்கியதுக்கு வேற பேரு கிடைக்கல்லியா நேசபாயி?"

"எட்டாவதாட்டு பிறந்ததாக்கும் சாரே. கடைசில உள்ளதயும் கர்த்தர் பாப்பாருல்லா."

உபதேசியார் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

வைகாசியில் குட்டிகளுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் பருவம். சோற்றுத் தட்டில் அரிசி போலச் சின்னப் பற்கள் கிடக்கும். துரை ஒருநாள் காலை கூட்டுக்கு வந்து ஒவ்வொரு குட்டியாகத் தூக்கி உதட்டை விலக்கிப் பார்த்தார். ஏழு குட்டிகளைக் கீழே விட்டார். எட்டாவதை வெளிச்சத்துக்குத் திருப்பி இரண்டு தடவை பார்த்தார்.

தாவீதின் கீழ்த்தாடையில் பால் கோரைப்பற்கள் இரண்டும் விழாமல் நின்றன. அவை இடத்தை விடாததால் புதுக் கோரைப்பற்கள் அவற்றுக்கு உள்பக்கமாக, நாக்கை ஒட்டி முளைத்திருந்தன. வாய் மூடும்போது புதுப்பல்லின் முனைகள் வெளியே போகாமல் நேராக மேலண்ணத்தில் குத்தின. அங்கே இரண்டு சிவந்த குழிகள் விழுந்திருந்தன.

"வாய் மோசம். உதவாது," என்றார் துரை. அவருக்குத் தெரிந்த அரைத் தமிழில் பங்களா சமையல்காரன் குமாரதாஸிடம் திரும்பி, "காவல்காரனிடம் சொல். துப்பாக்கி," என்றார். கோபமும் இல்லை, வெறுப்பும் இல்லை. இற்றுப்போன ஒரு மரத்தை வெட்டச் சொல்வது போலத்தான் சொன்னார்.

நேசபாய் அதுவரை துரையிடம் தானாக எதையும் கேட்டதில்லை.

"தொரை, அத எனக்கு தரணும்," என்றாள்.

துரை அவளைப் பார்த்தார். பிறகு குட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு, "உன்னுடையது," என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

அன்று முதல் தாவீது லயத்து வீட்டில் வளர்ந்தது. பகலில் அவளோடு கூட்டுக்கு வரும். சாயங்காலம் அவளோடு திரும்பும். ஆனால் தின்னும்போது பாதியில் நின்றுவிடும். தலையைச் சாய்த்து முன்காலால் முகத்தைச் சுரண்டும்.

தக்கலையில் மாட்டாஸ்பத்திரி ஒன்று இருந்தது. நேசபாய் ஒரு நாள் லீவு கேட்டு, குட்டியைப் பனை ஓலைப்பெட்டியில் வைத்து, மேலே துணியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பெட்டியில் என்ன என்று கண்டக்டர் கேட்டான். மரச்சீனிக் கிழங்கு என்றாள். பாதி வழியில் கிழங்கு முனகியது. கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் முன்பக்கம் போய்விட்டான்.

டாக்டர் கோலப்பன் நாகர்கோவில் பக்கத்துக்காரர். மாடும் ஆடும் பார்த்துப் பழகியவர். நாய்க்குட்டியின் வாயைப் பார்க்கச் சொல்லி ஒருத்தி ஓலைப்பெட்டியோடு வந்தது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் உதட்டை விலக்கியதும் முகம் மாறிவிட்டது.

"இந்தப் பால்பல்லு ரெண்டும் போனாத்தாம்மா புதுப்பல்லுக்கு எடம். புதுசு முளைச்சாச்சு, பழசு போவல. ரெண்டும் ஒரு குழிக்குச் சண்ட போடுது," என்றார்.

"இழுத்தா வந்திருமா டாக்டரே?"

"இழுத்தா ஒடிஞ்சிரும். வெளிய தெரியுதத விட உள்ள வேரு நீளம். ஒடிஞ்ச வேரு உள்ள கெடந்தா சீழ் பிடிக்கும். பைய அசைச்சு எடுக்கணும்."

சாக்கில் குட்டியைச் சுற்றி நேசபாய் மடியில் இறுக்கிக்கொண்டாள். டாக்டர் ஈறு மரத்துப்போக ஊசி போட்டார். மெல்லிய கருவியைப் பல்லைச் சுற்றி நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். இடது பல் வந்தது. வெளியே நெல்மணி அளவு தெரிந்த பல்லுக்கு அடியில் அதைப்போல் இரண்டு மடங்கு வேர், வளைந்து, முள் போல இருந்தது. நேசபாய் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

வலது பக்கம் ஈறு வீங்கியிருந்தது. குட்டிக்கு உடம்பு கொதித்தது. ஒரே நாளில் இரண்டும் வேண்டாம் என்று டாக்டர் முடிவு செய்தார்.

"அடுத்த வாரம் கண்டிப்பா வந்திரணும். பல்லு வளருத சமயத்துல எடம் குடுத்தா அது தானா வெளிய சாயும். வளந்து முடிஞ்சா சாயாது. நாள் கடத்தாத கேட்டியா."

அவள் சரி என்றாள். போக வேண்டும் என்றுதான் இருந்தாள்.

அந்த வார நடுவில் ஒருநாள் கூட்டில் குமாரதாஸ் அவளிடம் பேசிக்கொண்டிருந்தான். தாவீதின் இடது பக்கத்தைப் பார்த்து, "நேராயிட்டு வருதே," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"ஒண்ணு பறையட்டா? வாயி கோணலா கிடக்கிய வர அது உனக்க நாயி. வாயி நேரானா அது தொரைக்க நாயி. அதுக்க தள்ள யாரு, தகப்பன் யாருன்னு தொரை கடலாசில எழுதி வச்சிருக்காரு. பாத்துக்கோ."

குமாரதாஸ் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பங்களாவில் பதினைந்து வருடம் இருந்தவன், துரையை அறிந்தவன், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் நேசபாய் தக்கலைக்குப் போகவில்லை. மழை பிடித்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய்யும் இல்லை; இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டுதான் இருந்தது. அதற்கடுத்த வாரம் கூட்டில் ஆள் குறைவு. மூன்றாம் வாரம் சொல்லிக்கொள்ளக் காரணம் எதுவும் இல்லை. அப்போதும் அவள் போகவில்லை. தாவீது அவள் காலடியில் சுருண்டு படுத்திருக்கும். அதன் காதைத் தடவிக்கொண்டே அவள் அடுப்பைப் பார்த்திருப்பாள். வலது பல் மட்டும் கோணலாக இருந்தால் என்ன, தின்னத்தானே செய்கிறது என்று நினைப்பாள்.

ஒருநாள் காலை தட்டில் பால் ஊற்றி வைத்தாள். தாவீது இரண்டு வாய் நக்கியது. தும்மியது. வலது மூக்குத் துவாரத்தில் பால் வழிந்தது. பாலோடு இளஞ்சிவப்பாக ஏதோ வந்தது. மறுபடி தட்டின் அருகே போய் முகர்ந்துவிட்டு, குடிக்காமல், கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நேசபாய் குனிந்து கூப்பிட்டாள். அது வாலை மட்டும் ஆட்டியது. வெளியே வரவில்லை.

அவள் அன்றைக்கு லீவு கேட்கக்கூட நிற்கவில்லை. மழையில் பஸ் வராது என்றார்கள். ஓலைப்பெட்டியைத் தலையில் வைத்து, மேலே வாழையிலை போட்டு மூடி, தக்கலை வரை நடந்தாள். போய்ச் சேர மதியம் தாண்டிவிட்டது.

டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். மேலண்ணத்தில் வலது பக்கம் குழி இப்போது ஓட்டையாகியிருந்தது. அது மூக்கு வரை போயிருந்தது.

"எங்கம்மா போன இவ்வளவு நாளும்?"

மழை என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

"வாயி சரியானா தொரை கொண்டுபோயிருவாருன்னு சொன்னாவ டாக்டரே. அதாக்கும் வரல்ல. மழைல்லாம் ஒண்ணும் இல்ல. நான் வேணும்னே வரல்ல."

டாக்டர் திட்ட ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கையைக் கழுவி, கருவிகளை வெந்நீரில் போட்டுவிட்டு வந்தார். "பிடிச்சுக்கோ," என்று மட்டும் சொன்னார்.

வலது பால்பல் எளிதில் வரவில்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. குட்டி கத்தவில்லை, அவள் முழங்கையில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தது. வேர் முழுதாக வந்ததை டாக்டர் வெளிச்சத்தில் காட்டிய பிறகுதான் நேசபாய் மூச்சு விட்டாள்.

"புதுப்பல்லு பாதிக்கு மேல வளந்தாச்சு. இனி தானா சாயாது. நீதான் சாய்க்கணும்," என்றார் டாக்டர். பெருவிரலைப் பல்லின் உள்பக்கம் வைத்து வெளியே பார்த்து மெதுவாகத் தள்ளிக் காட்டினார். "ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ. வலிக்கப்பிடாது. பொறவு, கடிக்க ஒரு பந்து குடு. ரெண்டு கோரைப்பல்லுக்கும் நடுவுல உள்ள அகலத்தைவிடக் கொஞ்சம் பெரிய பந்து. அது கவ்வும்போது பல்ல வெளிய தள்ளும். ஓட்டை ஆறுத வர கஞ்சி குழைச்சு உருட்டிக் குடு. பால் வேண்டாம்."

பந்துக்கு அவள் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. ரப்பர் மரத்துப் பட்டையில் வெட்டுக் கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நூலாக உரித்துச் சுற்றினாள். முதல் பந்து சிறிது. இரண்டாவது பெரிது. மூன்றாவது சரியாக அமைந்தது. தாவீது அதை வாயில் வைத்துக்கொண்டே அலைந்தது.

பெருவிரல் வேலையை அவள் ஒரு நாளும் விடவில்லை. எவ்வளவு நேரம் தள்ள வேண்டும் என்பதற்குப் பரமண்டல ஜெபத்தைக் கணக்கு வைத்துக்கொண்டாள். ஒரு தடவை சொல்லி முடிக்கும் வரை ஒரு பக்கம். காலையில் கூட்டுக்குப் போகும் முன், சோறு வைத்த பின், மதியம், சாயங்காலம். ஆரம்பத்தில் தாவீது தலையை உதறியது. போகப் போக அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்தாலே தானாக வந்து மடியில் தலையை வைத்து வாயைத் திறந்து கொடுத்தது.

ஓணம் வந்தபோது ஓட்டை மூடியிருந்தது. வலது கோரைப்பல் மேல்வரிசைப் பற்களுக்கு நடுவே தன் இடத்தில் வந்து நின்றது. இடது பக்கத்தைவிட ஒரு நூல் உள்ளே, அவ்வளவுதான். நேசபாய் உதட்டை விலக்கிப் பார்த்துவிட்டு, விலக்கிய கையை எடுக்காமலே வெகுநேரம் இருந்தாள்.

ஐப்பசியில் ஒரு காலை, துரை லயத்து வழியாக வரும்போது ஆகாயத்தில் பறந்த புறா ஒன்றைச் சுட்டார். அது ஓடைக்கு அக்கரையில் புதரில் விழுந்தது. துரையோடு வந்த நாய் மோப்பம் பிடிக்க முடியாமல் சுற்றியது. நேசபாயின் முற்றத்திலிருந்து தாவீது பாய்ந்தது. அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஓடையில் நீந்தி, புதருக்குள் போய், புறாவை எடுத்து வந்து துரையின் முன் நின்றது. துரை பறவையை வாங்கி இறகை ஊதி ஊதிப் பார்த்தார். பல் பட்ட அடையாளம் இல்லை.

அவர் மண்டியிட்டு உட்கார்ந்து நாயின் உதட்டை விலக்கினார்.

"யார் செய்தது இது?"

"தக்கலை டாக்டர் பல்லு எடுத்தாரு தொரை. பொறவு நான் விரல் வச்சு தள்ளுனேன்."

துரை எழுந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெண் கூலியாள் ஒருத்தியின் கையை அவர் குலுக்கியதை லயமே நின்று பார்த்தது. பிறகு, "நாளை முதல் இவன் கூட்டில்," என்றார்.

"தொரை எனக்கு தந்ததாக்குமே," என்றாள் நேசபாய், மெல்ல.

"அப்போது வாய் சரியில்லை," என்றார் துரை. அவருக்கு அது நியாயமாகவே பட்டது.

கூட்டில்தானே, பக்கத்தில்தானே என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். ஒரு வாரம்தான். துரை விசிலடித்தால் தாவீது திரும்பி அவளைப் பார்த்தது. அவள் இருக்கும் பக்கமே ஓடியது. வேட்டை நாய்க்கு ஒரு எஜமான்தான் இருக்க முடியும் என்று துரை சொன்னார். நேசபாயைக் கூட்டு வேலையிலிருந்து மாற்றி, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரைக்கு அனுப்பினார். ஐந்து வருடமாக அவள் பார்த்த மற்ற நாய்களும் அன்றோடு அவளுக்கு இல்லாமல் போயின.

தாவீது சங்கிலியை உருவிக்கொண்டு லயத்துக்கு ஓடி வந்தது. காவல்காரன் வந்து கொண்டுபோனான். மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் குமாரதாஸ் வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"தொரை சொல்லச் சொன்னாரு. வந்தா நீ விரட்டணுமாம். சோறு குடுக்கப்பிடாது. இனியும் இங்க வந்தா, இது பழகாத நாயின்னு சொல்லி சுட்டுப்போடுவாராம். அவரு சொன்னா செய்வாரு நேசபாயி. உனக்கே தெரியும்."

மறுநாள் மதியம் கஞ்சி குடிக்க வந்தபோது தாவீது வாசலில் காத்திருந்தது. வாயில் ஒட்டுப்பால் பந்து. அவளைக் கண்டதும் பந்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து முழங்காலில் மோதியது. அவள் கையை ஓங்கினாள். அது மடியில் படுப்பதற்காகத் தலையைத் தாழ்த்தியது. அவள் குனிந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தாள். முதல் கல் தரையில் பட்டது. தாவீது அதை விளையாட்டென்று நினைத்து எடுக்க ஓடியது. இரண்டாவது கல் அதன் விலாவில் பட்டது.

அது கத்தவில்லை. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வாலை இடுக்கிக்கொண்டு பங்களாப் பாதையில் நடந்து போயிற்று. அதன்பின் லயத்துக்கு வரவில்லை.

அந்த மாதம் இராப்போஜன ஆராதனையில் அப்பமும் ரசமும் வாங்க எல்லாரும் முன்னே போனபோது நேசபாய் இருந்த இடத்தை விட்டு எழவில்லை. மறு மாதமும் போகவில்லை. உபதேசியார் அவள் வீட்டுக்கு வந்தார்.

"யாருகூடயாவது பிணக்கா?" என்று கேட்டார்.

அவள் நடந்ததைச் சொன்னாள். "நம்பி வந்ததுமேல கல்லெறிஞ்ச கையி சாரே. இத நீட்டி எப்படி அப்பம் வாங்குவேன்?"

உபதேசியாரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு வசனம் இருக்கும். அன்று அவர் வேதப்புத்தகத்தைத் திறக்கவில்லை. எழுந்து போகும்போது, "தாவீது சாகாம இருக்கணும்னுதானே எறிஞ்ச," என்றார். அந்தப் பெயரை அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அடுத்த மாதம் நேசபாய் முன்னே போனாள். ஆனால் ஆறுதல் கிடைத்ததாக அவள் யாரிடமும் சொன்னதில்லை.

1953-இல் துரை எஸ்டேட்டை ஒரு கோட்டயத்துக்காரருக்கு விற்றுவிட்டு மூணாறு பக்கத்துக்கு மேனேஜராகப் போனார். நாய்களையும் குமாரதாஸையும் கூடவே கொண்டுபோனார். ஜீப் போனபோது நேசபாய் புகைப்புரைக்குள் ஷீட் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டது. வெளியே வரவில்லை.

மூன்று வருடம் கழிந்தது. 1956 ஆவணியில், இந்தப் பகுதி மெட்ராஸோடு சேரப்போகிறது, மகள் இருக்கும் புனலூர் மலையாளப் பக்கம் போகிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த சமயம், குமாரதாஸ் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினான். நேசபாயைப் பார்க்க வந்தான். அவள் சோறு போட்டு, சாளைமீன் குழம்பு ஊற்றினாள். அவன் கையை நனைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"தாவீது நல்லா வேட்டைக்கு போச்சு. தொரை அதுக்கு குட்டி எடுத்தாரு. அஞ்சு குட்டி. அஞ்சுக்கும் இதே பல்லு. பால்பல்லு விழல்ல, புதுசு உள்ள முளைச்சு அண்ணத்துல குத்துது. அங்க உள்ள டாக்டர் சொன்னாரு, இது பரம்பரையா வருதது, தகப்பனுக்கும் இருந்திருக்கும், யாரோ நேராக்கி விட்டதுனால தெரியல்லன்னு. தொரை அஞ்சையும் ஆத்துல போடச் சொல்லிட்டாரு. தாவீத ஒரு ஏலக்காய்த் தோட்டத்துக் காவல்காரனுக்கு குடுத்தாரு. பொறவு எங்க போச்சுன்னு தெரியல்ல."

நேசபாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அந்த அஞ்சுக்கும் யாராவது பல்லு எடுத்துப் பாத்தாவளா?"

"யாரு பாக்கியதுக்கு?"

"ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே அண்ணே. நான் நடந்தாவது வந்திருப்பேன்."

குழம்பு ஆறுகிறது, சாப்பிடும் என்றாள் அவள். அவன் சாப்பிட்டு முடித்து மூன்று மணி பஸ்ஸுக்குப் போனான். நேசபாய் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சாயங்கால ஷீட்களைத் திருப்பிப்போடப் புகைப்புரைக்கு நடந்தாள்.